கவனித்து அனுப்பவும்

வா அம்மிணி, உள்ளே வா. செருப்பைக் கழற்ற வேண்டாம், இந்தத் தரைக்கு அவ்வளவு மரியாதை தேவையில்லை. நாற்காலியில் இருக்கும் அகராதியை எடுத்துவிட்டு உட்கார். கீழே வைக்காதே, மடியில் வைத்துக்கொள்.

முதலில் சுவரொட்டி. வரும் வழியில் பார்த்திருப்பாய். பேருந்து நிலையத்திலிருந்து என் வீடு வரைக்கும் பதினேழு ஒட்டியிருக்கிறார்கள். பதினேழிலும் உன் அப்பா சிரிக்கிறான். பதினேழிலும் ‘ஆழ்ந்த இரங்கள்’. இரங்கல், அம்மிணி. ‘இரங்கள்’ என்று ஒரு சொல் தமிழில் பிறக்கவே இல்லை. நேற்றுச் சிவப்பு மையோடு கிளம்பிப் போய் ஒன்பதைத் திருத்தினேன். பத்தாவதில் லாரி சங்கத்து ஆள் ஒருவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டான். செத்தவர் முகத்தில் கிறுக்குகிறேனாம். முகத்தில் இல்லையப்பா, முகத்துக்குக் கீழே என்று விளக்கினேன். அதற்கு இன்னொரு முறுக்கு. பார், வீக்கம் இன்னும் வடியவில்லை.

பிழையையாவது மன்னிக்கலாம். அடுத்த வரியைப் பார்த்தாயா? ‘வன்முறை அறியாத வள்ளல்.’ வள்ளல் சரி. வன்முறை அறியாதவன் என்றால், இந்த எண்பத்திரண்டு வயதுக்குள் என் கண் முன்னால் உடைந்த மூக்குகளெல்லாம் தாமாக உடைந்துகொண்டனவா? அவன், இவன் என்கிறேன், தவறாக நினைக்காதே. எழுத்தில் எப்போதும் ‘அவர்’ என்றுதான் எழுதுவேன்.

நீ வந்த காரணம் தெரியும். சாவதற்கு முதல் நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் சொன்னானாம்: ‘அம்மிணி வந்தா புலவனக் கேக்கச் சொல்லு. மாதேசன அடிக்கச் சொன்னது யாருன்னு அவன் சொல்லுவான்.’ புலவன் என்று அவன் கூப்பிடுவது என்னைத்தான். இன்று மாலை நினைவுக் கூட்டம். மகள் என்று உன்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முன்வரிசையில் மாதேஸ்வரன் உட்காரப் போகிறான். அவன் இரண்டு கையையும் உடைக்கச் சொன்னது உன் அப்பனா இல்லையா என்று தெரியாமல் மேடை ஏற மாட்டாய். நியாயம். முப்பத்தொரு வருஷம் அப்பனோடு பேசாதவள், இப்போது போய்ப் புகழ்ந்து பேச முடியாது.

சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

ஆறாம் வகுப்பில் நான்கு பேர் என் தலையைப் பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினார்கள். அவர்கள் கட்டுரையில் சந்திப் பிழை இருப்பதாக ஆசிரியரிடம் நான் சொன்னதுதான் காரணம். மூன்றாவது முறை அமுக்கும்போது உன் அப்பன் சென்னியப்பன் சிலேட்டோடு வந்தான். சிலேட்டின் மரச்சட்டம் ஒருவன் காதைப் பாதி கிழித்தது. இன்னொருவன் முன்பல் தொட்டிக்குள் விழுந்தது. நான் இருமிக்கொண்டு நின்றேன். ‘உனக்கு எதுக்குடா இந்த வேல?’ என்று என்னைத்தான் திட்டினான். ‘தப்புன்னா தப்புதான்’ என்றேன். ‘அப்ப வாரத்துக்கு ஒருத்தன நான் அடிக்கோணுமாட்ட இருக்குது’ என்றான். அடித்தான். நான் படிப்பை முடிக்கிற வரைக்கும் அடித்தான்.

பிறகு லாரி ஓட்டப் போனான். மராட்டியத்தில் அகோலாவுக்குப் பக்கத்தில் மூன்று பேர் கத்தியோடு கேபினுக்குள் ஏறினார்கள். ஜாக்கி ராடால் உன் அப்பன் ஒருவன் தாடையை இறக்கினான், இன்னொருவன் முழங்காலைத் திருப்பினான், மூன்றாமவன் ஓடிவிட்டான். விழுந்த இரண்டு பேரையும் அவனே ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு வந்தான். ‘ரோட்டுல உட்டுப்போட்டு வர மனசு வல்ல புலவா’ என்றான். இடது தோளில் இருந்த வெட்டு அன்றைக்கு வாங்கியது.

ஒன்றைக் குறித்துக்கொள். அடிப்பதானால் தானே அடிப்பான். ஆள் விட்டு அடித்தது கிடையாது. ஊருக்குத் தெரியாவிட்டாலும் பெற்ற பெண் நீயாவது இதை யோசித்திருக்கலாம்.

சரி, சரி. உன்னைக் குற்றம் சொல்லவில்லை.

அவன் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. படித்தால் உதடு அசையும். அவன் மலையடி லாரி சர்வீஸ் ஆரம்பித்த நாளிலிருந்து கடிதம் எல்லாம் என்னுடையது. பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடம் நடத்தப் போவதற்கு முன்னால் லாரிப் பட்டறைக்குப் போவேன், அவன் பேசுவான், நான் எழுதுவேன். பேசுவதை அப்படியே எழுதுவேன் என்று நினைக்காதே. ‘அந்த நாயி மவன் ஓட்ட டயரக் கட்டி உட்டுட்டான்’ என்று அவன் சொன்னால், ‘தாங்கள் அனுப்பிய சரக்கின் தரம் எமக்கு வியப்பளித்தது’ என்று எழுதுவேன். படித்துக் காட்டினால், ‘நான் சொன்னதுல பாதிதான இருக்குது’ என்பான். ‘மற்றப் பாதி தமிழில் இல்லை’ என்பேன். ‘அர்த்தநாரின்னு பேருல மட்டும் அர்த்தத்த வெச்சிட்டுத் திரியற’ என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவான். பின்னால் பின்னால் படித்துக் காட்டச் சொல்வதையும் விட்டுவிட்டான். அவ்வளவு நம்பிக்கை.

தொண்ணூற்று மூன்றுக்கு வருகிறேன். நம் வண்டி ஒன்று நாகபுரி தாண்டிப் புளியமரத்தில் மோதி டிரைவர் செத்தான். மூன்று நாள் தூங்காமல் ஓட்டியவன். ஸ்டீரிங் மார்புக்குள் இறங்கியிருந்தது, அறுத்துத்தான் உடம்பை எடுத்தார்கள். தொலைதூர வண்டிக்கெல்லாம் இரண்டு டிரைவர் வேண்டும் என்று மாதேஸ்வரன் பட்டறை வாசலில் உட்கார்ந்தான். நம் வண்டியை ஓட்டிக்கொண்டே டிரைவர் சங்கத்துக்கும் செயலாளராக இருந்தவன். ஒன்பது நாள் ஒரு லாரி வெளியே போகவில்லை. நாலாம் நாள் கல் பறந்தது. ஆறாம் நாள் ஒரு கிளீனருக்கு மண்டை உடைந்தது. பட்டறை மேஸ்திரி ராக்கியண்ணன் இரும்புக் கம்பியோடு தூங்கி இரும்புக் கம்பியோடு எழுந்தான்.

ஒன்பதாம் நாள் ராத்திரி முழுவதும் யோசித்து உன் அப்பன் இறங்கி வந்துவிட்டான். ‘அவன் கேக்கறது நாயந்தான் புலவா. செத்தவன் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்த பொறகு எனக்குச் சோறு எறங்கல’ என்றான். மறுநாள் பேசி முடிக்க மாதேஸ்வரனை வரச் சொல்லியாகிவிட்டது. பார்த்தால் காலையிலேயே கலெக்டர் ஆபீஸிலிருந்து அழைப்பு. சேலம் போய்த் திரும்பப் பதினொரு மணி ஆகும். ராக்கியண்ணன் அப்போது பட்டறையில் இல்லை, டீ குடிக்கப் போயிருந்தான். அவனிடம் சேர்க்க ஒரு சீட்டு எழுதச் சொன்னான்.

ஐந்தாறு வாக்கியம் சொன்னான். அவன் திரும்பி வருகிற வரைக்கும் மாதேஸ்வரனை மரியாதையாக வைத்திருக்க வேண்டும் என்பது சாரம். நான் சுருக்கினேன். அலுவலகத் தாளில், ஜீப்பின் முன்மூடி மேல் வைத்து எழுதினேன்: ‘மாதேஸ்வரன் வருவார். நன்கு கவனித்து அனுப்பவும்.’ ஐந்தே சொல். அதில் ‘வருவார்’ என்ற மரியாதைப் பன்மையைக் கவனி. அவன் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினான். நான் சீட்டை மேஸ்திரி மேசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

மடியில் இருக்கிற அகராதியைத் திற. ‘கவனி’ என்று பார். மனத்தில் கொள். பேணு. உபசரி. அடி என்று எங்காவது இருக்கிறதா? இல்லை. பட்டறையில் அந்தச் சொல்லுக்கு அது ஒன்றுதான் பொருள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இருபது வருஷம் அங்கே போய் வந்தவன்தான். ஆனால் நான் அங்கே எழுதத்தான் போனேன், கேட்கப் போகவில்லை.

மாதேஸ்வரன் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தனியாக வந்தான். ‘மொதலாளி வரச் சொன்னாருங்க’ என்றான். ‘தெரியும் வா, உன்ன நல்லாக் கவனிக்கச் சொல்லித்தான் சீட்டு வந்திருக்குது’ என்று ராக்கியண்ணன் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனான். மாதேஸ்வரன் சிரித்துக்கொண்டே போயிருக்கிறான். நான்கு பேர். டயர் லீவர் இரண்டு, வீல் ஸ்பேனர் ஒன்று. கீழே தள்ளி, மார்பில் ஒருவன் ஏறி உட்கார்ந்து, கழற்றிப் போட்ட டயரின் மேல் கையை நீட்டி வைத்து அடித்தார்கள். ‘ஸ்டீரிங் புடிக்கற கை, ஸ்டீரிங் புடிக்கற கை’ என்று சொல்லிச் சொல்லி ராக்கியண்ணன் அடித்தானாம். வலது மணிக்கட்டில் மூன்று முறிவு, இடதில் இரண்டு, விரல்கள் தனி. பட்டறைக்குப் பின்னால்தானே உங்கள் வீடு. சத்தம் கேட்டு ஓடிவந்து ராக்கியண்ணன் முதுகில் நீ விறகுக்கட்டையால் போட்டாயே, அதோடுதான் நின்றது.

ராக்கியண்ணன் பிறகு என்ன சொன்னான் தெரியுமா? ‘அனுப்பவும்னு வேற எழுதியிருந்துச்சுங்க. நாந்தான் பொண்டாட்டி புள்ளக்காரன்னு பாத்து மேல அனுப்பாம உட்டேன்.’

பதினொன்றரை மணிக்கு எட்டாம் வகுப்பில் ஆகுபெயர் நடத்திக்கொண்டிருந்தேன். ஒன்றின் பெயர் இன்னொன்றுக்கு ஆகி வருவது. உன் அப்பன் வாசலில் வந்து நின்றான். என் சட்டையைப் பிடித்துக் கரும்பலகையில் சாத்தினான். முதல் அறையில் கண்ணாடி போயிற்று, இரண்டாவதில் கடைவாய்ப் பல். ‘நான் என்னடா சொன்னேன், நீ என்னடா எழுதுன?’ என்றான். ‘சுருக்கினேன்’ என்றேன். அதற்குத்தான் மூன்றாவது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்னை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்ப் பானை இருந்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். சீட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினான். கண்ணாடி இல்லாமல், வாயில் ரத்தத்தோடு, படித்தேன். பிழை எதுவும் இல்லை. அதையே சொன்னேன். கையை ஓங்கினான், ஏனோ அடிக்கவில்லை.

‘இது உன்ற கையெழுத்துன்னு போலீசு கண்டுபுடிச்சிருமா?’ என்றான்.

‘அலுவலகம் முழுக்க என் எழுத்துதான்’ என்றேன்.

‘கவருமென்ட்டு வாத்தியான் லாரி ஆபீசுல எழுதுனது தெரிஞ்சா?’

‘வேலை போகும். ஜெயிலும் வரும்.’

‘உன்ற புள்ளைங்க ரெண்டும்?’

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் சீட்டைக் கசக்கி வாயில் போட்டான். கெட்டித் தாள். மெல்ல மெல்லக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு குடித்து விழுங்கினான். ‘இனி எழுத்துன்னு ஒண்ணும் கெடையாது. நான் வாயில சொன்னதுதான்’ என்றான்.

அன்று சாயங்காலம் உங்கள் வீட்டில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் பாவாடையெல்லாம் மாதேஸ்வரன் ரத்தம். ‘நீங்க சொல்லித்தான் அடிச்சாங்களாப்பா?’ என்று கேட்டாய். கன்னத்தில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு நானும் அங்கேதான் நின்றேன். அவன் என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய். ‘ஆமா’ என்றான். நீ எறிந்த பித்தளைச் செம்பு அவன் புருவத்தைப் பிளந்தது. நான்கு தையல். அப்படியே இறங்கிப் போய்ப் போலீசில் எழுதிக் கொடுத்தாய், அப்பாவே ஒத்துக்கொண்டார் என்று. சேலம் சிறையில் நாற்பது நாள் இருந்தான். வெளியே வந்ததும் எல்லாத் தொலைதூர வண்டிக்கும் இரண்டு டிரைவர் போட்டான். டிரைவர்களுக்கு அது போதும் என்று மாதேஸ்வரன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். பெருவிரல் மடங்காததால் ரேகையைக்கூட இன்னொருவன் அழுத்தித்தான் வைக்க வேண்டியிருந்தது. நீ அதற்குள் புனேக்குப் போய்விட்டாய்.

இன்னொன்று. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் உன் அப்பன் பெரிய மனிதனானான். பெண்ணே காட்டிக்கொடுத்தும் அசையாத ஆள் என்று ஊர் நடுங்கியது. லாரி சங்கத்தில் அவனை எதிர்த்து ஒருவனும் நிற்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் போட்டியில்லாத தலைவர். ஒரு வகையில் பார்த்தால் என் ஐந்து சொல்லுக்கு அதில் பங்கு உண்டு. கூட்டத்தில் யாரும் இதைச் சொல்லப் போவதில்லை.

ஏன் சொல்லவில்லை என்கிறாய். கேட்டான். உன்னிடம் சொல்லச் சொல்லி உன் அப்பனே மூன்று முறை கேட்டான். ஜாமீனில் வந்த வாரம், ‘அம்மிணிகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லீரு புலவா’ என்றான். அவள் போலீசுக்குப் போவாள், வேலை போகும் என்றேன். தலையாட்டினான். இரண்டாயிரத்தில் நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டுவிட்டு, ‘இப்பச் சொல்லலாமல்ல?’ என்றான். ஓய்வூதிய ஆணை இன்னும் கைக்கு வரவில்லை என்றேன். அதற்கும் தலையாட்டினான். ஆணை வந்த பிறகு நானும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. ஒன்பது வருஷம் கழித்து இரண்டு பேருமாகப் புனேக்கே வந்தோம். உன் வீட்டு லிப்டுக்குள் வைத்து, ‘இன்னிக்குச் சொல்லிப்போடு. எனக்கு வயசாகுது’ என்றான். நான் ரயிலிலேயே ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். ‘அன்று நிகழ்ந்தவற்றை உள்ளவாறு உரைக்கப் புகின்’ என்று ஆரம்பிக்கும். நீ கதவைத் திறந்தாய், அவனைப் பார்த்தாய், ஓங்கிச் சாத்தினாய். அவன் விரல் இரண்டு உள்ளே இருந்தது. உனக்குத் தெரியாது போலிருக்கிறது. கதவைத் தட்டாமல், சத்தம் போடாமல், நெம்பி எடுத்தான். என் வாக்கியத்தில் ‘புகின்’ வரைக்கும்கூட வரவில்லை நான். வாக்கியம் கொஞ்சம் நீளம்.

திரும்பி வரும்போது கறுத்துப்போன நகத்தைப் பார்த்துக்கொண்டே சோலாப்பூர் வரைக்கும் வந்தான். பிறகு சொன்னான்: ‘சுருக்க வேண்டிய எடத்துல சுருக்க மாட்டீங்கறயேப்பா.’ அதற்குப் பிறகு கேட்கவில்லை.

என்னளவில் அவனுக்கு நான் துரோகம் செய்யவில்லை, அம்மிணி. எழுதியது தவறென்றால் ஒத்துக்கொள்ளலாம். எழுதியது சரி. அதைப் படித்தவன்தான்...

அகராதியை எறிந்துவிட்டாயே. பரவாயில்லை, தோளில்தான் பட்டது. முதுகு கிழிந்துவிட்டது. என் முதுகு இல்லை, அகராதியின் முதுகு. உட்கார். உட்கார மாட்டாயா. சரி, நில்.

என்ன? அப்பா சொன்னதை அப்படியே சொல்ல வேண்டுமா? அப்படியே என்றால் அது வெறும் பேச்சு. மாலையில் மேடையில் சொல்வதற்கென்றால் நானே நல்ல நடையில் எழுதித் தருகிறேன், அரை மணி நேரம் கொடு. வேண்டாமா. நீ சொல்லப் போவதில்லையா. நானா? மாதேஸ்வரன் முன்னாலா?

அம்மிணி, மணிக்கட்டை விடு. அது ஏற்கெனவே வீங்கியிருக்கிறது. விடு, வருகிறேன். கூட்டத்துக்கு எப்படியும் வருவதாகத்தான் இருந்தேன், இரங்கற்பா ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், பன்னிரண்டு வெண்பா. அதுவும் வேண்டாமா. சரி. அவன் சொன்னது மட்டும். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். ஒன்றும் மறக்கவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் மறக்கக் கூடியதாக இருந்தால் மறந்திருப்பேன்.

கேள். ஜீப்பில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னான்.

‘ஏப்பா புலவா, மாதேசன் வருவான். ராக்கியண்ணனுக்கு ஒரு சீட்டு எழுதிப்போடு. பட்டறையில நிக்க வெக்க வேண்டாம், ஊட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வெக்கச் சொல்லு. அம்மிணி லீவுக்கு வந்திருக்கறா, அவ கையால ஒரு காப்பி குடுக்கச் சொல்லு. எம்மேல கோவமிருந்தாலும் புள்ள குடுத்தா மாட்டேங்க மாட்டான். அதுக்குள்ளார நான் வந்தர்றேன்.’

அவ்வளவுதான். உன்னைப் பற்றிய பேச்சை ஏன் விட்டேன் என்றால், அலுவலகக் கடிதத்தில் வீட்டுப் பெண்ணைப் பற்றி எழுதுகிற வழக்கம் இல்லை. நீ அப்போது அடுப்படியில்தான் இருந்தாயா?

சரி, கேட்கவில்லை. அழுவதானால் அழு. நான் அந்தப் பக்கம் பார்க்கிறேன்.

மறுபடியுமா? மாலையில் தடுமாறக் கூடாது என்கிறாய். சரி, சொல்கிறேன். ‘ஏப்பா புலவா, மாதேஸ்வரன் வருவார்.’ இல்லை. மாதேசன். மாதேசன் வருவான். வருவான் என்றுதான் சொன்னான். இரு அம்மிணி, முதலிலிருந்து சொல்கிறேன்.